இன்னும் ஒன்பது பறவை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு, உன் அக்கா கோழி கிளறின எழுத்தில் எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இருக்கிற பல்லோடு சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே?

என் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. மெமரி கார்டு அனுப்பும்போதெல்லாம் உன் அத்தான்தான் கூட நாலு வரி எழுதி வைப்பார். இந்தத் தடவை அவர் கண்ணில் தூசி விழுந்து மருந்து விட்டுக்கொண்டிருப்பதால் எழுத்து வேலை என் தலையில். மூன்றாம் வகுப்புப் படிப்பு இப்போதாவது உதவட்டும்.

கார்டில் இரண்டு பறவை இருக்கிறது. ஒன்று மீன்கொத்தி, ஒன்று வாலாட்டிக் குருவி. உங்கள் பதிப்பகத்தின் பறவைப் புத்தகத்துக்கு உன் அத்தான் முன்பே கொடுத்தது ஐம்பத்தொன்று, இது இரண்டு. அறுபதுக்கு இன்னும் ஏழு. ஜூன் கடைசிக்குள் முடித்துவிடுவோம் என்று உங்கள் பதிப்பாசிரியரம்மாவிடம் சொல்.

இங்கே ஏரிக்கரையில் பலகை அடித்த ஒரு கொட்டகை. அதற்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பறவை பார்க்க வேண்டும். நேற்று விடியற்காலையில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. முந்நூறு வாத்து ஒரே நேரத்தில் எழும்பிவிட்டது. காவலாளி ஓடி வந்து, "அம்மா, நீங்க இன்னொரு தும்மல் போட்டா அதுங்க கடல் தாண்டிடும்"னு கும்பிட்டான். உன் அத்தான் பிளாஸ்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செல்போனில் பேச்சு இங்கே துண்டு துண்டாகத்தான் வரும். கடிதமே போடு. அடுத்து நாங்கள் போகும் தாவரத் தோட்டத்தின் விடுதி முகவரி பின்பக்கத்தில்.

உன் அக்கா

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அத்தானின் கண்ணில் விழுந்த தூசி போய்விட்டதா?

படங்கள் வந்து சேர்ந்தன. மீன்கொத்தி நன்றாக வந்திருக்கிறது. ஆசிரியரம்மா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் அது பெரிய பாராட்டு என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். இருபது வருடமாக அத்தான் எடுத்த படங்களைக் கணினியில் திருத்தித் திருத்தி எனக்கு அவர் நின்று பார்க்கும் உயரம் பழகிவிட்டது. இந்த இரண்டும் ஒரு முழம் தாழ்ந்து எடுத்த மாதிரி இருக்கின்றன. உட்கார்ந்து எடுத்தாரா? இடுப்பு வலியா?

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை எங்கள் வீட்டுப் படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறங்கினீர்கள். அடுத்த கார்டோடு அத்தானை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் எங்களுக்கு முன்பாகவே இங்கே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் சுகம். உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? விழுந்ததும் படம் அனுப்பு, சிரிக்க வேண்டும்.

முழம் போட்டுப் பார்க்கிறாயா நீ? படம் பார்க்கச் சம்பளம் கொடுத்தால் துணிக்கடைக்காரன் மாதிரி அளந்துகொண்டு இருக்கிறாய். ஆமாம், அவருக்கு இடுப்பு வலி. அதனால் கேமரா முக்காலியை இறக்கி வைத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை.

இது பெரிய தோட்டம். கண்ணாடி வீடு கட்டி அதற்குள் செடிக்கு வேர்க்க வைக்கிறார்கள். வெளியே எனக்குக் குளிர். நடை, நடை, அப்படி ஒரு நடை. பெட்டியில் மூன்று லென்ஸ், கூடவே முக்காலி, நாற்காலி, பிளாஸ்க், எல்லாம் ஒரே தோளில். கழுதைக்குக்கூட இரண்டு பக்கமும் சமமாகத்தான் ஏற்றுவார்கள். அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே படுத்துவிடுகிறேன்.

கார்டில் ஒரு நாரையும் ஒரு கிளியும். கிளியைப் பார், என்ன ஒய்யாரம்! கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காட்டியது. இன்னும் ஐந்துதான்.

உன் அத்தான் தூங்குகிறார். எழுப்பி எழுதச் சொல்ல மனசு வரவில்லை.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌகரியம். மகளுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. படம் இதோடு இருக்கிறது.

நேரடியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கிளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காலில் வளையம் இருக்கிறது. கூண்டில் வளர்ந்து தப்பித்த கிளி. காட்டுப் பறவைகள் என்று தலைப்பு வைத்த புத்தகத்தில் அதைப் போட்டால் ஊரே சிரிக்கும். ஆசிரியரம்மாவுக்குக் காட்டவில்லை. படம் மங்கல் என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். ஆக இன்னும் ஆறு.

வாத்துக் கூட்டத்தில் நூறாவது வாத்தின் காலில் நூல் சுற்றியிருப்பதைக் கரையிலிருந்து சொன்னவர் அத்தான். கைக்கெட்டும் தூரத்துக் கிளியின் வளையம் அவர் கண்ணுக்குத் தப்புமா?

அக்கா, அவர் கண்ணுக்கு என்ன? படம் எடுப்பது யார்?

முழங்காலைப் பற்றிப் போன தடவையே கேட்டேன். பதில் இல்லை.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

உடனே எழுத உட்கார்ந்தேன். மூன்று காகிதம் கிழித்தேன். இது நான்காவது. சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் ஒவ்வொன்றையும் கிழித்தேன்.

சரி, பூதக்கண்ணாடிக்காரா, கண்டுபிடித்துவிட்டாய். எடுப்பது நான்தான். கிளி பயப்படாமல் எனக்கு முகம் காட்டியபோது என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். எவனோ வளர்த்த கிளி, மனுஷ முகம் பார்த்துப் பழகியது. அது பழத்துக்கு நின்றிருக்கிறது, நான் படத்துக்கு என்று நினைத்தேன்.

அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்கு நடுவில் பார்வை போய்விட்டது. ஓரத்தில்தான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதைத் தவிர மற்றதெல்லாம் தெரிகிறதாம். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறார். திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இப்போது காதால்தான் பறவை பார்க்கிறார். "இடப்பக்கம், தண்ணி ஓரமா ஒண்ணு நடக்குது. சன்னமா கத்துது பாரு, அதைப் பிடி" என்பார். நான் பிடிப்பேன். "கண்ணு கூரா இருக்கா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்பார். பறவையின் கண் கூர்மையாக இல்லாவிட்டால் அது படமே இல்லையாம். ஒருநாள் அலுப்பில், "பறவை கண்ணு நல்லாத்தான் இருக்கு, உங்களுது மாதிரியா?" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். அவ்வளவு நேரம் சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி, முப்பது வருஷம் அடையாள அட்டைக்கு ஆள் முகம் எடுத்தே ஓட்டினவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறவை. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு புத்தகத்தில் அவர் பெயர் வரப்போகிறது. கண் இல்லை என்று தெரிந்தால் மீதியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அறுபது முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள். வயசில் மூத்தவள் காலில் விழக்கூடாது, இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவருக்காகவும் மனசு கனத்துக் கிடக்கிறது.

சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் காலையில் ஆசிரியரம்மா, "உங்க அத்தான் எப்படி இருக்கார்?" என்று கேட்கும்போது கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன். எனக்குப் பொய் வராது, உங்களுக்கே தெரியும்.

எடுப்பதற்கு முன் பறவையின் காலைப் பாருங்கள், பிறகு கழுத்தைப் பாருங்கள், பின்னால் கம்பி, சுவர் எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணைக் கடைசியில் பாருங்கள். ஒரு பறவைக்கு நூறு படம் எடுங்கள், நான் பொறுக்கிக்கொள்கிறேன்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். முழங்கால்?

தம்பி

மே 4

அன்புத் தம்பிக்கு, அக்காவும் அத்தானும் நலம். உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று உன் கடிதத்தின் முதல் வரியிலேயே இருந்தது, அதற்கப்புறம் முழுக்க உத்தரவு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் கிடைத்ததே மூன்று வருஷம்தான். மிச்சத்தை நீ நடத்துகிறாய்.

இது சதுப்பு நிலச் சரணாலயம். தண்ணீர் முழங்காலுக்கு. விடிந்ததும் இறங்கினால் பத்து மணிக்குத்தான் கரையேறுகிறேன். இவர் மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையால் திசை காட்டுவார். நான் சேற்றில் நிற்பேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதலாளியும் கூலிக்காரியும் மாதிரி இருக்கும். நேற்று ஒரு வெளியூர்க்காரன் என்னிடம் வந்து, "உங்க சார் பெரிய ஆளா?" என்று கேட்டான். "ரொம்பப் பெரிய ஆளு, சம்பளம் மட்டும் தரமாட்டாரு" என்றேன்.

கார்டில் நான்கு. கிளியும் உண்டு, இந்தத் தடவை காலைக் கழுவித் துடைக்காத குறையாகப் பார்த்தேன். வளையம் இல்லை. ஒரு கொக்கு, சேற்றில் அலகைக் குத்தித் திரியும் ஒரு உள்ளான். நான்காவது கூழைக்கடா. அது ஒன்றுதான் எனக்குச் சந்தேகம். அலகை முதுகில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குகிறது. கண் கூராக இருக்க வேண்டும் என்பாரே, இது கண்ணே இல்லாமல் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. விழித்ததும் பறந்துவிட்டது. சுற்றி அத்தனை பறவை கத்திக்கொண்டிருக்க, அது மட்டும் அப்படித் தூங்கியது. எனக்குப் பொறாமையாக இருந்தது, எடுத்துவிட்டேன். வேண்டாம் என்றால் எறிந்துவிடு.

மிச்சம் மரங்கொத்தியும் ஆந்தையும். அடுத்தது மலைக்காடு. படி ஏறாத கீழ் அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமே. நீங்கள் இருவரும் மலைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

தூங்கும் கூழைக்கடாவை எறியவில்லை. எறிய முடியவில்லை. ஆசிரியரம்மா அதைத் திரையில் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல உங்க அத்தான் இப்படி ஒண்ணு எடுத்ததில்லையே" என்றார். "முன்னாடி எல்லாம் பறவையைப் பிடிப்பார். இப்பத்தான் அதை அதன் போக்குல விட்டுட்டு நிக்கிறார்." அட்டைப் படமாக அதைத்தான் போடப் போகிறாராம்.

நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து நின்றேன். உங்கள் படத்துக்கு அத்தான் பெயரில் பாராட்டு. யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியவில்லை. இதை அத்தானிடம் சொல்வதா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

கீழ் அறை எதற்கு அக்கா? யாருக்கு?

தம்பி

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நான் கடிதம் போட்டு மூன்று வாரம் தாண்டியும் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. விடுதிக்குப் போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. பறவை கிடக்கட்டும். இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி

ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்து வாசியுங்கள். வீட்டில் எல்லாரும் நலம்தானே.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அட்டைப் படம் பற்றியும். முழங்கால் வரும் வரிகளை மட்டும் தாண்டிவிடுகிறாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் ஓரிடத்தில் மூச்சு வாங்கிவிட்டு வேறு இடத்தில் தொடங்குவாள்.

ஜூன் 2ஆம் தேதி மரங்கொத்திக்காகக் காவல் கோபுரத்தில் ஏறினாள். இருபத்திரண்டு படி. நான் கீழே நின்று எண்ணினேன். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றாள். இறங்கும்போது பதினெட்டு வரை சரியாக வந்தது. பிறகு ஒரு சத்தம். என்னவென்று கேட்டேன். "வாளி விழுந்துச்சுங்க" என்றாள். வாளி அம்மா என்று கத்தாது.

முழங்காலில் தசைநார் கிழிந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே மாசக்கணக்காக வீக்கம் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். அத்தனை நாளும் தண்ணீரில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. ஒரு கால் ஊன்றும் சத்தம், ஒரு கால் இழுக்கும் சத்தம். ஜனவரியிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டும், இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். அறுபது ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் தன் விருப்பத்தில்தான் செய்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆசிரியருக்கு இன்று தனியாக எழுதிவிட்டேன். என் கண்ணைப் பற்றியும், கடைசி ஏழு படங்கள் யாருடையவை என்றும். நீங்கள் இனிப் பொய் சொல்ல வேண்டாம். ஐம்பத்தெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் புத்தகமே வேண்டாம் என்றால் அதுவும் சரி.

இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. விடுதிக் காவலாளி தபாலில் போடுவார்.

அத்தான்

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நலம். அக்காவின் கால் கட்டு பிரிக்கும் வரை அவர் எழுந்திருக்கக் கூடாது, இது அத்தானின் பொறுப்பு.

ஆசிரியரம்மா கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "எத்தனை மாசமா உனக்குத் தெரியும்?" என்றார். சொன்னேன். "அதான் என் முகத்தைப் பார்க்காமலே பேசிட்டு இருந்தியா?" என்றார். திட்டினார், நன்றாகவே திட்டினார். எனக்குப் பாரம் இறங்கியது. கடைசியில், "அறுபதுதான் வேணும்னு எந்தப் பறவை வந்து கேட்டுச்சு? ஐம்பத்தெட்டு போதும்" என்று எழுந்துவிட்டார்.

புத்தகம் வருகிறது. அட்டை மாறாது. இரண்டு பெயர் போட வேண்டும் என்கிறார். அக்கா, உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை, ஜூலை 10, வண்டியோடு வருகிறேன். பெட்டிகளை யாரும் தூக்க வேண்டாம்.

தம்பி

ஜூலை 4

அன்புத் தம்பிக்கு, அக்கா படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து முன்னைவிட மோசம் என்று சொல்லாதே, முன்னேயும் ஒன்றும் முத்தாக இல்லை. உன் அத்தான் சுகம். என் ஒரு கால் சுகம். உங்கள் மூன்று பேர் சுகத்துக்கும் குறைவில்லை என்று நினைக்கிறேன்.

என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு மனுஷன் இரண்டு வாரமாகப் பூனை மாதிரி நடந்தார். உன் கடிதம் வந்து நான் சத்தமாக வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. கத்தினேன். தலையணையை எறிந்தேன். ஓரப்பார்வை இருக்கிறதே, சரியாக ஒதுங்கிக்கொண்டார். அப்புறம், "ஜனவரியிலேயே நிறுத்தியிருக்கணும், நான் நிறுத்தல" என்றார். சமாதானம் சொல்லத் தோன்றியது, ஆனாலும் சொல்லவில்லை.

என் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை. போடுவதென்றால் போடு. அவர் பெயருக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில் போடு.

இன்று காலை ஜன்னலுக்கு வெளியே உள்ள பட்டமரத்தில் டொக் டொக் என்று சத்தம். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். மரங்கொத்திதான். கோபுரம் ஏறித் தேடியது, படுக்கையிலிருந்தே தெரிகிறது. கேமரா மேசைமேல் இருந்தது. நாலு எட்டு தூரம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், படம் எடு என்று கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்காமல் இருப்பது எனக்குக் கேட்டது.

"எனக்கு அசதியா இருக்குங்க" என்றேன்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது தம்பி. இந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை. வாயிலிருந்து வந்த பிறகு எனக்கே யாரோ பேசின மாதிரி இருந்தது.

அவர் என் காலைத் தலையணையோடு கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, அது என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

சொன்னேன். கொத்துகிறது, நிற்கிறது, தலையைச் சாய்த்துக் கேட்கிறது, மேலே ஏறுகிறது, திரும்பவும் கொத்துகிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன் போல. விழித்தபோது வெயில் சுவருக்கு வந்திருந்தது, மரத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் இருந்தது என்று அவரிடம் கேட்டேன். தெரியாது, நீ தூங்கினதும் நான் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை வா. அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாக ஓட்டி வா.

அக்கா